மூன்றாம் மாத வீரர்கள்

நாற்பது வயதில் கராத்தே வகுப்பில் சேருகிறவர், சேருகிற அன்றைக்குக் காட்டும் வேகத்தைப் பார்த்தால் பேட்டையில் இனி திருட்டே நடக்காது என்று தோன்றும். எப்படியும் இளைக்கத்தானே போகிறோம் என்று சீருடையை ஒரு சைஸ் சின்னதாக வாங்குவார். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டுவார். வாட்ஸப் படத்தில் முஷ்டியை மடக்கி நிற்பார். மூன்றாம் மாதம் படம் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். மாஸ்டர்களிடம் காரணம் கேட்டால், "பெரியவங்களுக்கு டெடிகேஷன் கிடையாது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. அதே மனிதர்தான் வீட்டுக் கடனுக்கு இருபது வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டுகிறார். மாலை போட்டால் ஒரு மண்டலம் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடக்கிறார். விடாப்பிடி என்ற சரக்கு அவரிடம் தாராளமாகவே இருக்கிறது. கோளாறு வகுப்பில். அது அவருக்காகப் போட்ட வகுப்பே அல்ல, சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டது.

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, வரலாறே அப்படித்தான் இருக்கிறது. ஒகினாவாத் தீவில் கராத்தே வெகுகாலம் ஊரறியச் சொல்லித்தரும் வித்தையாக இருக்கவில்லை. ஆசானின் வீட்டு முற்றத்தில், பெரும்பாலும் இரவில், ஓரிருவர் மட்டும் கற்றுக்கொள்வார்கள். 1901இல் அன்கோ இதொசு என்ற ஆசான், எழுபது வயதில், அதை ஷுரி நகரத்துத் தொடக்கப்பள்ளிக்குள் கொண்டுபோனார். பிள்ளைகளுக்குத் தோதாகப் பினான் என்ற பெயரில் ஐந்து கட்டாக்களை, அதாவது அசைவுத் தொடர்களை, கோத்தார். நம் ஊர் வகுப்புகளில் ஹெயான் என்று சொல்லித்தருவது அவற்றைத்தான். வரிசையில் நிற்பது, ஒருவர் எண்ண மற்றவர்கள் எண்ணுக்கு ஒரு குத்து விடுவது எல்லாம் பள்ளிக்கூட டிரில் வாசனை அடிக்கிற சமாச்சாரங்கள். ஆக, ஒகினாவாவின் பள்ளிப் பையன்களை மனதில் வைத்து எழுதிய பாடத்தை, நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் ஒரு வங்கி மேலாளர் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு செய்துகொண்டிருக்கிறார். அவர் மூன்று மாதம் தாங்கியதே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

அந்த மொட்டைமாடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெரியவர் வகுப்பை விட்ட நாள் என்று காலண்டரில் எதையும் குறிக்க முடியாது, ஏனென்றால் விடுவதென்று அவர் முடிவெடுப்பதே இல்லை. ஒரு வாரம் மச்சினர் வீட்டுக் காதுகுத்து. அடுத்த வாரம் ஆபீசில் ஆடிட். அதற்கும் அடுத்த வாரம் முதுகுப் பிடிப்பு. நாலாவது வாரம் சீருடையோடு வந்து படியேறி நிற்பார். மாஸ்டர் எண்ணுவதை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் பார்த்து, "வாங்க சார், வழி ஞாபகம் இருக்கா?" என்பார். அத்தனை பிள்ளைகளும் கொல்லென்று சிரிக்கும். லீவு போட்டதற்கு இருபது புஷ்-அப். பன்னிரண்டாவதில் பக்கத்துப் பச்சை பெல்ட், வயது ஏழு இருக்கும், "அங்கிள், முட்டி தரையில படுது" என்று அக்கறையாக எடுத்துச் சொல்லும். இவர் இல்லாதபோது நடத்திய கட்டாவில் எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, இவர் மட்டும் வலப்பக்கம் திரும்பி ஒரு சிறுமியின் எதிரே போய் நிற்பார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து வணக்கம். உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும். மறுநாள் சீருடை துவைத்து மடிக்கப்பட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். கற்ற தற்காப்பை அவர் முதன்முறையாகப் பயன்படுத்தியது அன்றைக்குத்தான்.

கலை என்றால் ஒழுக்கம் வேண்டாமா, பெரியவர் என்பதற்காக வளைந்து கொடுக்க முடியுமா என்று மாஸ்டர்கள் கேட்கலாம். ஒழுக்கம் வேண்டியதுதான். ஆனால் இந்த மனிதரை அதட்டுவதற்கு ஆபீசில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அதற்காக மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள். திட்டு வாங்கச் சம்பளம் வாங்கிப் பழகியவர், திட்டு வாங்கப் பணம் கட்டுவார் என்று எதிர்பார்ப்பது வியாபாரமாகாது. இதைவிடக் கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. பிள்ளைத்தனம் என்று நான் சொல்கிற கலர் பெல்ட், பெரியவர்களைக் கட்டிவைக்க உதவிய கயிறாயிற்றே என்பது. உண்மைதான். 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாய்ஷி, பல வண்ணப் பெல்ட் முறையை அங்கே பரப்பியபோது அதற்கு ஆசைப்பட்டவர்களில் மீசை முளைத்த கனவான்களும் இருந்தார்கள். வளர்ந்தவனுக்கும் தான் முன்னேறுவது கண்ணில் தெரிய வேண்டும். அதனால் பெல்ட்டோடு எனக்குச் சண்டையில்லை. அதை ஏழு வயதுப் பரிசோதகர்கள் முன்னிலையில், பெற்றோர்கள் செல்போனில் படம் பிடிக்க, தேர்வுக் கட்டணம் தனியாகக் கட்டி வாங்க வேண்டியிருக்கிறதே, அதோடுதான் சண்டை.

பெரியவர்களை எது வகுப்பில் தக்கவைக்கும் என்பதற்கு லண்டனில் நல்ல சாட்சி இருக்கிறது. ஐந்தடிகூட இல்லாத எடித் கேரட் என்ற அம்மாள், 1913 வாக்கில், வாக்குரிமைக்குப் போராடிய பெண்களுக்கு ஜுஜுட்சு சொல்லிக்கொடுத்தார். போலீஸ் பிடியிலிருந்து தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டைக் காக்கச் சுமார் முப்பது பெண்கள் கொண்ட மெய்க்காவல் படையே இருந்தது. நம் கர்லாக்கட்டையின் வெள்ளைக்காரத் தங்கைகளை உடுப்புக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு போவார்கள். அந்த வகுப்புக்கு ஆள் வரவில்லை என்ற புகார் எழுந்திருக்க வாய்ப்பில்லை. செய்முறைத் தேர்வை லண்டன் போலீஸே இலவசமாக நடத்திக்கொண்டிருந்ததே! எல்லோருக்கும் அப்படிப் போலீஸ் அமையாது என்பீர்கள். சரி, ஆனால் வந்தவர் எதற்காக வந்தார் என்று கேட்கலாம் அல்லவா? இரத்த அழுத்தத்துக்காக வந்தவர், இரவு ஷிப்ட் முடிந்து தனியாகத் திரும்புவதால் வந்தவர், மகள் சேர்ந்ததால் கூடச் சேர்ந்தவர் எல்லோருக்கும் ஒரே ஹெயான் ஷோடான்தான் பரிமாறப்படுகிறது.

இன்னொன்று, முடிகிற தேதி. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்தை முன்கூட்டி அடையாளம் காண்பது, தெரிந்த மனிதரிடமும் தயங்காமல் மறுப்பது, உடலால் எதிர்ப்பது என்று மொத்தம் 12 மணி நேரம். 2015இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டுக்குள் பாலியல் வன்புணர்வுக்கு ஆளாகும் அபாயம், கையேடு மட்டும் பெற்றவர்களிடையே 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களிடையே 5.2. இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் இவ்வளவு முடியும் என்றால், தற்காப்புக்காக வந்தவரைக் கறுப்பு பெல்ட்வரை இழுத்துப் பிடிப்பது யாருக்காக? எட்டு வாரம் என்று சொல்லித் தொடங்குங்கள், எட்டாவது வாரம் கைகுலுக்கி அனுப்புங்கள். தேதி தெரிந்தால் பெரியவர் காதுகுத்தைக்கூடத் தள்ளிவைப்பார். ருசி கண்டவர் அடுத்த எட்டு வாரத்துக்குத் தானே பணம் எடுத்து நீட்டுவார்.

அனுப்பிவிட்டால் ஹால் வாடகையை யார் கட்டுவது, பிள்ளைகள்தானே சார் நிலையாக வருகிறார்கள் என்பது கடைசி ஆட்சேபம். வாடகைக் கணக்கு நியாயமானது, வாடகையை வைத்து நான் தமாஷ் செய்யமாட்டேன். ஆனால் பிள்ளைகளின் நிலைத்தன்மை என்று மாஸ்டர் நினைப்பது பெரும்பாலும் அம்மாவின் ஸ்கூட்டியைத்தான். மாலை ஐந்தரைக்குக் கொண்டுவந்து இறக்கி, ஆறரைக்கு ஏற்றிப் போகிறது. விட்டுவிடும் உரிமை பையனுக்கு வழங்கப்படவில்லை. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்ததும் அதே ஸ்கூட்டி டியூஷன் சென்டர் பக்கம் திரும்பிவிடும். ஆறு வருஷ டெடிகேஷன் ஒரே நாளில் பத்தாம் வகுப்பு பப்ளிக் எக்ஸாமில் கரைந்துபோகும். அந்த வகையில் பெரியவர் எவ்வளவோ தேவலை. அவருக்கு இனி எந்தப் பொதுத்தேர்வும் இல்லை, எழுபதுவரை வரலாம். கராத்தே ஆசான் புனாகோஷி ஒகினாவாவை விட்டு டோக்கியோவில் கராத்தே பரப்பப் போனபோது அவருக்கே 53 வயது. மாஸ்டர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஸ்கூட்டிகள் எல்லாம் போன பிறகு, ஏழரைக்கு, பெரியவர்களுக்கென்று தனி பேட்ச். ஆளுக்கொரு ஜோடி, இரண்டு பேருக்கு ஒரு குத்துப் பேட். ஒருவர் வராவிட்டால் ஜோடிக்காரர் போன் பண்ணிக் கூப்பிடுவார், அவர் திட்டினால் வலிக்காது. மூன்று வாரம் கழித்து வருகிறவரிடம் கணக்குக் கேட்கக் கூடாது, முதுகு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கலாம். மண்டியிட முடியாதவர்களுக்கு, கல்யாண மண்டபம்தானே, நாற்காலிக்கா பஞ்சம்?