சேம் பின்ச் சார்

எங்கள் அடுக்ககத்தில் அவர் பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்கே தெரியாது. சேம் பின்ச் சார் என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார். ஒரே நிறத்தில் சட்டை போட்டவரைக் கண்டால் நறுக்கென்று கிள்ளி "சேம் பின்ச்!" என்று கத்துவது பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டு. நாற்பத்தைந்து வயதிலும் இவர் அதை விடவில்லை. நீலச் சட்டைக்காரர்கள் லிஃப்டில் இவரைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

கிள்ளினதாவது தேய்த்துவிட்டால் சரியாகும். "சேம் ஹியர்"தான் ஆபத்து. மூட்டுவலி என்று வாயைத் திறந்தால் போதும். "சேம் ஹியர் சார்!" அத்தோடு உங்கள் மூட்டு காணாமல் போகும். அவர் மூட்டின் எக்ஸ்ரே, முடக்கத்தான் தோசை, மச்சான் வாங்கித் தந்த நீ-கேப் என்று வரிசையாக வரும். ஆமோதிப்பது போல உள்ளே நுழைந்து, பேச்சையே தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்கிற வித்தை.

முதல் மாடி இளையராஜா பக்தரிடம், "நாம ஒரே வேவ்லெங்த். 1976-ல 'அன்னக்கிளி' வந்தப்புறம்தான் சார் பாட்டு!" நாலாம் மாடியில், எம்.எஸ்.வி.யோடு எல்லாம் முடிந்தது என்கிற பெரியவரிடம், "கிரேட் மைண்ட்ஸ் திங்க் அலைக்!" இரண்டு பேரும் சேர்ந்து லிஃப்டில் ஏறினால் இவர் படியேறிப் போவார், மூட்டுவலியோடு.

1986-ல் சேப்பாக்கத்தில் 'டை' ஆன ஆஸ்திரேலியா டெஸ்ட் பற்றி ஒருநாள் பேச்சு. மேத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனதைக் கண்ணால் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். "மீ டூ சார்!" (அன்று மைதானத்தில் இருந்ததாகச் சொல்கிறவர்களை உட்காரவைக்க மெரினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) கீரை வாங்கிக்கொண்டிருந்த சேம் பின்ச் சாரின் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப இவருக்கு ஆறு வயசு. மன்னார்குடியில அம்மை போட்டுப் படுத்திருந்தார்னு அத்தை சொல்லுவாங்க."

போன வாரம் பொருளாளர் லிஃப்ட் செலவைப் பற்றிப் புலம்பினார். "நான் எப்பவும் மெயின்டனன்ஸை அஞ்சாம் தேதியே கட்டிடுவேன் சார்."

"சேம் ஹியர்!"

பொருளாளர் நோட்டைப் பிரித்தார். பாக்கிப் பட்டியலில், மூன்று மாத நிலுவையோடு இவர் வீட்டு எண். சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். தன் எண்ணைத் தாண்டி அடுத்த வரிக்கு விரல் போனது.

"அட, ஜி-2-வும் கட்டலையா? அவரும் நம்ம வேவ்லெங்த்துதான் போல!"