அக்ரிலிக் வண்ணமும் மின்விசிறியும்

அக்ரிலிக் வண்ணம் என்பது நிறமியும் அக்ரிலிக் பாலிமரும் தண்ணீரில் பரவி நிற்கும் குழம்பு. தண்ணீர் ஆவியானதும் பாலிமர்த் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து பிளாஸ்டிக் படலமாகிவிடும். பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் கரையாது. வாட்டர்கலரைக் காய்ந்த பிறகும் ஈரப் பிரஷால் தொட்டுக் கிளப்பலாம். எண்ணெய் வண்ணத்தை மறுநாள் காலை காபி குடித்துவிட்டு வந்தும் திருத்தலாம். அக்ரிலிக்கைத் திருத்த ஒரே வழி, மேலே இன்னொரு பூச்சு.

தண்ணீர் கலந்து தீட்டும் அக்ரிலிக்கை ஹென்றி லெவிசன் 1955இல் அமெரிக்காவில் ஓவியர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தார். கலிபோர்னியாவில் டேவிட் ஹாக்னி 1967இல் தீட்டிய ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ அக்ரிலிக்கில் ஆனதே. நீச்சல் குளத்தில் கண நேரம் தெறிக்கும் தண்ணீரைத் தீட்ட அவருக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. மற்ற இடங்களில் ரோலரால் தட்டையாகப் பூசினார். அவருடைய வானம் ஒரே நீலம். மேலே நீலமும் கீழே ஆரஞ்சுமாக இழையும் அந்தி வானத்துக்கு ஆசைப்படுபவர்களுக்குத்தான் தொல்லை: இரண்டும் காய்வதற்குள் இழைத்து முடிக்க வேண்டும்.

காயும் வேகத்தைப் பூச்சின் கனம், வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் ஆகிய நான்கும் தீர்மானிக்கின்றன. மே மாதச் சென்னையில் இவற்றை மின்விசிறி என்ற ஒரே தலைப்பில் அடக்கலாம். விசிறியைப் போட்டால் வானம் காயும். நிறுத்தினால் ஓவியரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி, வானத்தில் மழை தொடங்கும். ரெகுலேட்டரை ஒன்றில் வைக்கலாமே என்பார்கள். பழைய ரெகுலேட்டரில் ஒன்றுக்கும் ஐந்துக்கும் சத்தத்தில்தான் வித்தியாசம். டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் சுவர் குளிரும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் துண்டைத் தலையில் கட்டி உட்கார்ந்தாலோ, வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து, “ஐயோ, இந்தப் புழுக்கத்துலயா உக்காந்திருக்கீங்க!” என்று பாசத்தோடு சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார்கள். பாசத்தைக் கண்டிக்க முடியாது. எழுந்து போய் அணைத்துத் திரும்புவதற்குள் நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே கோடு விழுந்திருக்கும். இந்த வாரம்கூட ஒரு வானம் அப்படித்தான் போனது; பார்த்தவர்கள் அதைக் கடல் என்று பாராட்டினார்கள். அக்ரிலிக்கை இழைக்க உகந்த நேரம் மின்வெட்டு. அப்போது நிறம் தெரியாது.

காய்வதற்கு முன்னும் பின்னும் நிறம் ஒன்றாக இருக்காது. ஈரத்தில் குழம்பு பால் போல் வெளுத்திருப்பதால் நிறம் வெளிறித் தெரியும், காய்ந்ததும் அடர்ந்துவிடும். ஆகவே நேற்றைய நீலத்துக்கு இன்று கலக்கும் நீலம் பொருந்தினால் அது தவறான நீலம்.

இனி தாமதப்படுத்தும் வழிகள். தண்ணீர் தெளிப்பான்: தட்டில் உள்ள வண்ணத்தைக் காப்பாற்றும், கேன்வாஸில் ஒழுகும். ஈரத்தட்டு: மூடியுள்ள டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர். வண்ணம் பல நாள் தட்டில் ஈரமாகவே இருக்கும்; ஆனால் படம் தட்டில் இல்லை. ரிடார்டர்: பெரும்பாலும் கிளைகால் வகை. அளவு மீறினால் படம் பிசுபிசுவென்று நின்று, வீட்டுத் தூசியையெல்லாம் சேகரிக்கும். கடைசியாக, மெதுவாகக் காயும் அக்ரிலிக். சீக்கிரம் காயும் என்று ஒரு டியூபை விற்றவர்களே, மெதுவாகக் காயும் என்று இன்னொரு டியூபையும் விற்கிறார்கள். இரண்டுக்கும் ஓவியர்தான் பணம் கட்ட வேண்டும்.

பிரஷின் முடிக்கட்டில் காய்ந்த வண்ணத்தை ஆல்கஹால் ஓரளவு இளக்கும். டியூபின் மரையில் காய்ந்தால் மூடியை வெந்நீரில் வைத்துத் திருக வேண்டும். பிளையரால் திருகினால் டியூபின் கழுத்து முறுகும், மூடி அசையாது. அடிப்பக்கத்தைக் கத்தியால் கீறிப் பிதுக்குவதே வழக்கம். அப்படித் திறந்த டியூபை அன்றே தீர்த்தாக வேண்டும்; படத்துக்கு அந்த நிறம் தேவையா என்பது வேறு விஷயம்.