சுருளிப்பட்டிப் பந்தலில் ஸ்டைன்பெக்: ஒரு குறியீட்டியல் ஆராய்ச்சி

ஆங்கில இலக்கிய வகுப்பில் நாவல் படிப்பது என்றால், கதையில் வரும் ஒவ்வொரு பொருளையும் பிடித்து நிறுத்தி, அது அதுவல்ல என்று நிரூபிப்பது. பச்சை விளக்கு எரிந்தால் கைகூடாத ஆசை. ஆமை நடந்தால் விடாமுயற்சி. வெள்ளைத் திமிங்கிலமோ இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு பொருளும் பத்து மதிப்பெண்ணுக்கு நான்கு பொருளும் தரும். இதற்கு வகுப்பில் எதிர்ப்பு எழாததன் காரணம் எளிது: வெள்ளைத் திமிங்கிலத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை.

திராட்சையின் கதை வேறு. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி போன்ற ஊர்களில், அது குறியீடாவதற்கு முன்பே பயிராகிவிட்டது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆக இந்த ஊர்ப் பழம் அரசாங்க முத்திரையோடு ஏற்கெனவே ஒரு குறியீடு வைத்திருக்கிறது. இலக்கிய வகுப்பு தருவது இரண்டாவது.

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ 1939இல் வெளிவந்து, மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். ஓக்லஹோமாவில் நிலம் இழந்த ஜோடு குடும்பம், ஒரு பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கலிஃபோர்னியாவுக்குக் கூலி தேடிப் போகிறது. திராட்சை முதலில் வளத்தையும் பிறகு கோபத்தையும் குறிக்கிறது என்பது நோட்ஸ் போடுகிறவர்களின் முடிவு. அந்த முடிவைப் பந்தலுக்குக் கீழே நிறுத்திச் சோதிப்பதே இந்த ஆராய்ச்சி.

முதல் சான்று, ஈசாப்பின் நரி. திராட்சையைக் குறியீடாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகம் செய்வது இதுதான். எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்னதற்காக நரி பல நூற்றாண்டுகளாகக் கேலிக்கு ஆளாகி வருகிறது. நரிக்கு நீதி கிடைக்க வேண்டும். காய் நிறம் மாறத் தொடங்கிய உடனே இனிப்பு முழுசாக ஏறிவிடுவதில்லை. கறுத்த பழமும் புளிக்கலாம். தாவரவியல்படி நரியின் கூற்று அபத்தமானதல்ல. மேலும், தோட்டத்து வாசலில் நின்று பழம் புளிக்கிறது என்று சொல்வது விலை பேசுவதன் முதல் வாக்கியம். எனவே சுருளிப்பட்டிப் பக்கம் அந்த நரியை ஏமாந்த ஆசையின் குறியீடாக எவரும் கொள்ளத் தேவையில்லை. அது வியாபாரி.

அடுத்தது காலக்கணக்கு. மக்களின் மனத்தில் கோபம் திராட்சைபோல் முற்றி, அறுவடைக்குக் கனத்து நிற்கிறது என்பது ஸ்டைன்பெக்கின் உருவகம். பருவத்துக்கு ஒருமுறை அறுவடை காணும் நாட்டில் அது நன்றாகவே பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கிலோ ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது இன்னொரு தோட்டத்தில் பழம் பறிக்கிறார்கள். வருடம் முழுக்கப் பழம் உண்டு. அப்படியானால் புரட்சிக்கு எந்த மாதத்தைக் குறிப்பது? மேலைநாட்டுத் திறனாய்வில் இதற்கு விடை இல்லை.

விடை தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. உள்ளுறை உவமத்தைத் தெய்வம் நீங்கிய கருப்பொருள்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது அதன் விதி. அந்தந்த நிலத்துப் பொருளுக்கே உள்ளே இன்னொன்றைச் சொல்லும் உரிமை. இந்த அளவுகோலை வைத்தால் ஜோடு குடும்பம் விட்டுப் புறப்படும் ஓக்லஹோமா சந்தேகமில்லாமல் பாலை: வறட்சி, புழுதி, பிரிவு. சென்று சேரும் கலிஃபோர்னியா நீரும் வயலுமாக மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். நோட்ஸ் எழுதுகிறவர்கள் கோபம் என்று மொழிந்தது உண்மையில் நிலத்துக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இடையிலான ஊடல்தான். தீர்த்து வைக்க வாயில், அதாவது தூது போகிறவர், இல்லாத ஊடல். அந்த வேலைக்குத் தகுதியுள்ள ஒரே பாத்திரம், முன்னாள் போதகர் ஜிம் கேசி. அவரையும் வேலைநிறுத்தத்தில் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகள் இயேசு கிறிஸ்துவைக் குறிக்கும் என்பது வகுப்பறை மரபு. பரத்தையிற் பிரிந்த தலைவனுக்காகத் தூது வந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் பாணன் நினைவுக்கு வருவது தமிழ் மரபு.

25ஆம் அத்தியாயத்தில் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் சிரிப்பு குறைகிறது. விளைச்சல் அமோகம், பறிகூலிக்குக்கூட விலை கட்டவில்லை. ஆரஞ்சுக் குவியல்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், உருளைக்கிழங்கை ஆற்றில் கொட்டிக் காவல் போடுகிறார்கள். பசித்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாவலின் தலைப்புச் சொற்கள் இடம்பெறுவது இங்கேதான். விளக்கவுரை எதுவும் இல்லாமலே இந்தப் பக்கங்கள் பள்ளத்தாக்கில் விளங்கும். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பன்னீர் திராட்சையின் மெல்லிய தோல் வெடிக்கும். வெடித்த பழத்தை யாரும் வாங்கமாட்டார்கள். ஆள் கூலி, பெட்டி, வண்டி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுப் பறிக்காமல் விடுவது குறியீடல்ல, கணக்கு.

பாத்திரப் படைப்பைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கலிஃபோர்னியா போனதும் ஒரு பெரிய கொத்தை முகத்தில் பிசைந்து சாறு வழிய நிற்பேன் என்கிறார் தாத்தா ஜோடு. பரவசத்தின் குறியீடு என்பார்கள். மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று முதலில் கேட்கும் ஊரில் அது அவசரபுத்தி. அவரோ ஊர் எல்லை தாண்டிய முதல் இரவே இறந்துபோகிறார், கேள்வி எழவில்லை. குடும்பத்தையே தாங்கி நிற்கும் அம்மா ஜோடு, பள்ளத்தாக்குக்குப் பழக்கமானவர். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போகும் பெண்களிடையே அவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வேறுபாடு: இவர்கள் மாலையில் திரும்பிவிடுவார்கள்.

கடைசியாக ஆமை. 3ஆம் அத்தியாயத்தில் அது நெடுஞ்சாலையைக் கடக்கிறது; வண்டி தட்டிக் கவிழ்ந்தும் நிமிர்ந்து நடக்கிறது. விடாமுயற்சி என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் சிறையிலிருந்து வரும் டாம் ஜோடு அதைக் கோட்டில் சுற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகிறான் என்பதை உரையாசிரியர்கள் கவனிப்பதில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று தெரிந்தவர்களுக்கு வயிறு கலங்கும் இடம் அது. டாம் போய்ப் பார்த்தால் வீடு ஏற்கெனவே மூலை இடிந்து, ஆளில்லாமல் கிடக்கிறது. ஓக்லஹோமாவில் அமீனா டிராக்டரில் வந்து ஆமைக்கு முந்திவிட்டார்.