கங்காஸ்கானைச் சென்னைக்குக் கொண்டுசேர்க்கும் முறை

பெரியப்பா அவர்களின் சமூகத்துக்கு,

 

மயிலாப்பூரில் பிளஸ் டூ படிக்கும் பேரன் ஆஸ்திரேலியாவிலிருந்து வேண்டுமென்று கேட்டிருக்கும் கங்காஸ்கான் என்பது தின்பண்டமோ சட்டையோ அன்று. போக்கிமான் கோ என்னும் கைபேசி விளையாட்டில் வரும் கற்பனை விலங்கு. வயிற்றுப் பையில் குட்டியைச் சுமந்து நிற்கும் இது கங்காருவை ஒத்தது எனலாம். விளையாட்டின் பதிவேடு இதன் உயரத்தை 2.2 மீட்டர் என்றும் எடையை 80 கிலோ என்றும் குறித்திருந்தாலும், விமானத்தில் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஊறுகாய்ப் பாட்டிலையும் துளசி விதையையும் வேட்டையாடும் ஆஸ்திரேலிய விமான நிலைய அதிகாரிகள் கேள்வி கேட்காமல் வெளியே விடும் ஒரே உள்ளூர் விலங்கு இதுவாகத்தான் இருக்கும். சிட்னித் தெருக்களில் கங்காரு துள்ளி ஓடும் என்று மயிலாப்பூரில் நிலவும் நம்பிக்கையும் இதனால்தான் ஓரளவு உண்மையாகிறது. புறநகர்த் தெருவில் காணக் கிடைக்கும் கங்காரு பெரும்பாலும் கைபேசிக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் நியாண்டிக் நிறுவனம் 2016 ஜூலை 6 அன்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வெளியிட்ட இவ்விளையாட்டு, கைபேசி எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாக அறிந்து, ஆடுபவர் நடக்க நடக்க அவரைச் சுற்றி விலங்குகளை வரைபடத்தில் தோன்றச் செய்கிறது. தோன்றிய விலங்கின்மேல் பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். சிட்னியின் ஹோம்புஷ் வீட்டுக்கு அண்மையிலுள்ள ரோட்ஸ் என்னும் பகுதியில், அரிய விலங்குகள் வந்து குவியும் பூங்கா ஒன்றில் அந்த மாதமே நள்ளிரவு வரை நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். தூக்கம் கெட்ட அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் மேலிருந்து தண்ணீர்ப் பைகளை வீசினார்கள். காவல் துறை கார்களுக்கு அபராதச் சீட்டு ஒட்டியது. இந்தியாவுக்கு இவ்விளையாட்டு முறைப்படி வந்தது 2016 டிசம்பரில், ஜியோவின் துணையோடு. ஆனால் அதற்கு முன்பே, கோயில்களில் இவ்விளையாட்டின் முட்டை தோன்றுவது சைவ உணவு உண்போரின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டுவிட்டது என்பதை, நீதிமன்றச் செய்திகளை விடாமல் படிக்கும் பெரியப்பா நினைவில் வைத்திருக்கக்கூடும்.

பேரனின் ஏக்கத்துக்குக் காரணம், சில விலங்குகளைக் குறிப்பிட்ட நிலப்பகுதிகளில் மட்டுமே தோன்றவிடும் ஏற்பாடு. இதை ஆடுவோர் ரீஜினல் என்பார்கள். முதல் தலைமுறையின் 151 விலங்குகளில் டாரஸ் என்னும் காளை வட அமெரிக்காவுக்கும், மிஸ்டர் மைம் என்னும் கோமாளி ஐரோப்பாவுக்கும், வெங்காயத்தாளை வாளாக ஏந்திய ஃபார்ஃபெட்ச்ட் என்னும் வாத்து ஜப்பான், கொரியா முதலிய கிழக்காசிய நாடுகளுக்கும், கங்காஸ்கான் ஆஸ்திரேலியாவுக்கும் என்று ஒதுக்கப்பட்டதால், பதிவேட்டை நிரப்ப விரும்பியவர் திக்விஜயமே செய்ய வேண்டியிருந்தது. கடன் வாங்கி விமானம் ஏறியவர்கள் இருக்க, 2018 செப்டம்பரில் நிறுவனம் இந்நான்கையும் சில வாரங்களுக்கு முட்டையில் வைத்து உலகெங்கும் வழங்கியது. 7 கிலோமீட்டர் நடந்தால் முட்டை பொரிந்துவிடும். விமானச் சீட்டுக்குக் கொட்டிய பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

இதில் மயிலாப்பூர் அறியாத செய்தி ஒன்று உண்டு. முதுகோட்டுக்குள் நிலக்கரி எரிய, மூக்கில் புகைவிட்டுக்கொண்டு தவழும் டோர்கோல் என்னும் ஆமை, இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரையிலான பகுதிகளுக்கு உரியது. சென்னையில் பேரன் சீந்தாமல் கடந்துபோகும் இந்த ஆமைக்காகச் சிட்னிப் பூங்காக்களில் வளர்ந்த ஆண்கள் கெஞ்சுகிறார்கள். அதே ஆண்கள், காலடியில் கங்காஸ்கான் வந்து நின்றால் ஒரு பந்தைச் செலவழிக்கவும் யோசிக்கிறார்கள். ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலில் புளியோதரை வரிசையில் நிற்கும் நேரத்தில் பிடித்துவிடக்கூடிய விலங்கை அரியது என்று சொல்வது சென்னையின் கணக்கு; சிட்னியின் கணக்கில் அரியது ஆமை.

பிடிப்பது எளிது, கொடுப்பதுதான் பெரும்பாடு. 2018 ஜூனில் வந்த ட்ரேட் என்னும் பண்டமாற்று வசதியின் விதிப்படி, கொடுப்பவரும் பெறுபவரும் பொதுவாக 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே சாக்லேட்டைப் போல இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப வழியில்லை. பெறுபவரின் பதிவேட்டில் இல்லாத விலங்கைக் கொடுப்பது சிறப்புப் பண்டமாற்று எனப்படும். அது ஒரு நாளைக்கு ஒன்றுதான் நடக்கும். அதற்கு இருவரும் ஸ்டார்டஸ்ட் என்னும் விளையாட்டுச் செலாவணியைச் செலுத்த வேண்டும். புதிதாக நட்பானவர்களுக்கு அது 20,000. சாதாரண விலங்கொன்றைப் பிடித்தால் கிடைப்பது 100 என்பதால், ஒரு கங்காஸ்கானுக்காகப் பேரன் 200 விலங்குகளைப் பிடித்தாக வேண்டும். வேதியியல் தேர்வு என்னாகும் என்பதைப் பெரியப்பாவே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் நாள்தோறும் ஒரு கிஃப்ட் அனுப்பி 90 நாட்களில் நட்பை உயர்ந்த படிக்கு உயர்த்தினால் அதே செலவு 800ஆகக் குறைகிறது. இந்தக் கிஃப்ட் அஞ்சலட்டை போன்ற படத்தோடு வருவது. அனுப்புபவர் கடந்துசென்ற இடத்தின் பெயரை அது தாங்கியிருக்கும். பேரன் அனுப்பத் தொடங்கினால், மயிலாப்பூர்த் தெருமுனைப் பிள்ளையார் யாரேனும் நாள்தோறும் ஹோம்புஷ் வீட்டுக்கு வருவார் என்பது இவ்விளையாட்டால் விளையும் உருப்படியான நன்மை.

மேலும் சில விதிகள் குடும்ப வழக்கத்துக்கு முற்றிலும் மாறானவை. கைமாறியவுடன் விலங்கின் தாக்குதல், தற்காப்பு, உடல்வலு ஆகியவற்றைக் குறிக்கும் மறை எண்கள் புதிதாக அமைந்துவிடும். எனவே சிட்னியில் தேடித் தேடி உயர்ந்த ரகமாகப் பொறுக்கினாலும் சென்னையில் அது சோப்ளாங்கியாக இறங்க இடமுண்டு. ஒருமுறை கைமாறிய விலங்கு மறுமுறை கைமாறாது. ஆகவே கல்யாண வீட்டில் வந்த எவர்சில்வர் குடத்தைப் போல அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட முடியாது. எல்லாவற்றினும் விசித்திரம் கேண்டி என்னும் மிட்டாயைப் பற்றிய விதி. ஒரு விலங்கை வலுப்படுத்த ஸ்டார்டஸ்டோடு அந்த இனத்துக்கே உரிய மிட்டாயும் தேவை. பண்டமாற்றில் அம்மிட்டாய் விலங்கைப் பெற்றவருக்கன்றிக் கொடுத்தவருக்கே சேர்கிறது. கங்காஸ்கான் மயிலாப்பூருக்கு வரும், கங்காஸ்கான் மிட்டாய் ஹோம்புஷிலேயே தங்கும். பேரன் அதைத் துணைவிலங்காக்கிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்துதான் மிட்டாய் ஈட்ட வேண்டும்; நாகேசுவரராவ் பூங்கா பக்கத்திலேயே இருப்பது நல்லதாயிற்று.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதைக் கொண்டு ஆவதென்ன என்று பாட்டி கேட்பது நியாயமே. கங்காஸ்கான் இயல்பு வகையைச் சேர்ந்தது. அவ்வகைத் தாக்குதல் வேறெந்த வகையையும் கூடுதலாக நோகச் செய்வதில்லை, பேய் வகைக்கோ மிகக் குறைவாகவே உறைக்கிறது. ஜிம் என்னும் காவற்கூடத்தில் நிறுத்தினால் மற்போர் வகையைச் சேர்ந்த மச்சாம்ப் நாற்கரங்களாலும் வந்து சாய்த்துவிடும். சேற்றை வாரி இறைக்கும் நிலவகைத் தாக்குதலைக் கற்றிருந்தால் மின்வகை விலங்குகளிடம் கொஞ்சம் மதிப்புண்டு. 2022இல் வந்த மெகா வடிவம் 8 மணி நேரத்துக்கு வலிமையைக் கூட்டுகிறது. அவ்வடிவத்தைப் பலர் கூடி வீழ்த்தும் ரெய்டு என்னும் போர் நிகழும் நாட்களில் சென்னையிலேயே கங்காஸ்கானைப் பிடித்துவிடலாம். பேரனுக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் சிட்னிச் சரக்கையே கேட்பதற்குக் காரணம், ஒவ்வொரு விலங்கின் குறிப்பேட்டிலும் அது பிடிபட்ட ஊரின் பெயர் பதிவாகியிருப்பதே. வகுப்புத் தோழர்களிடம் காட்டுவதற்கு ஆஸ்திரேலியா என்ற அந்த ஒரு வரி போதும். சண்டையில் தோற்றால் என்ன, ஃபாரின் சரக்கு ஃபாரின் சரக்குதான். இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் செயலிகளால் அந்த வரியைச் சென்னையிலிருந்தே பெறலாம் என்று பேரனின் தோழர்கள் ஆசை காட்டுவார்கள். பிடிபட்டால் கணக்கே முடக்கப்படும் என்று எச்சரித்து வைப்பது நலம்.

ஹோம்புஷ் குடும்பம் பொங்கலுக்குச் சென்னை வருவது உறுதியாகிவிட்டது. ஆகவே பேரன் தனது 12 இலக்கப் பயிற்சியாளர் எண்ணைப் புரட்டாசி முடிவதற்குள் அனுப்பிவைக்குமாறும், பொங்கலுக்குள் நல்ல டோர்கோல் ஒன்றைப் பிடித்து வைக்குமாறும் பெரியப்பா கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆமை இல்லையென்றால் கங்காரு இல்லை.

இப்படிக்கு,
ஹோம்புஷ் குடும்பத்தார்