மேஜர் ஹபிள் அளந்த வானம்

வானியலாளர் எட்வின் ஹபிள் இன்றைக்கு இருந்திருந்தால் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தைப் படித்து முடிக்கவே அரை நாள் பிடிக்கும். பிறந்தது அமெரிக்காவின் மிசௌரியில். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது மூன்றே வருஷம். ஆனால் கடைசிவரை பைப்பும் இங்கிலீஷ் துரை உச்சரிப்புமாக உலவினார். முதல் உலகப்போர் முடிந்த பிறகும் 'மேஜர்' பட்டத்தை விடவில்லை. கென்டக்கியில் வக்கீலாக இருந்ததாகச் சொல்லிக்கொள்வார். அப்போது அவர் நிஜமாகப் பார்த்த வேலை? ஆற்றுக்கு அக்கரையில், இண்டியானாவில், ஸ்கூல் வாத்தியார். கூடவே பாஸ்கெட்பால் கோச்!

உதார் ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம். 1923 அக்டோபரில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் 'நோவா' என்று தான் போட்ட குறியைத் தானே அடித்துவிட்டு, 'மாறும் விண்மீன்' என எழுதி ஆச்சரியக்குறியும் போட்டார். அது செஃபீட். அதன் ஒளி எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்று பார்த்தால் நிஜ வெளிச்சம் தெரியும். அதிலிருந்து தூரம் தெரியும். இந்த சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டின் ஹென்ரியட்டா லீவிட். சம்பளம், மணிக்கு 30 சென்ட். பிரபஞ்சத்துக்கே அளவுகோல் கொடுத்தவருக்குக் கூலி ரேட்!

கேலக்ஸிகள் நம்மைவிட்டு எவ்வளவு வேகமாக விலகி ஓடுகின்றன என்பதையும் பெரும்பாலும் வானியலாளர் வெஸ்டோ ஸ்லிஃபர் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். 1929இல் ஹபிள் அந்த வேகங்களைத் தன் தூரங்களோடு சேர்த்துக் கோடு போட்டார். ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும் நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகம் கூடுகிறது! கட்டுரையில் எல்லாம் இருந்தது, ஸ்லிஃபர் பெயரைத் தவிர.

அந்த 500ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்துக்கு வயசு சுமார் 200 கோடி வருஷம். பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. அம்மாவைவிட மகளுக்கு வயசு ஜாஸ்தி!

சிக்கலை அவிழ்த்தவர் வானியலாளர் வால்டர் பாடே. இரண்டாம் உலகப்போர் சமயம், ஜெர்மன் பிரஜை என்பதால் அவரை யுத்த வேலைக்கு எடுக்கவில்லை. ஹபிள் யுத்த வேலைக்குப் போய்விட்டார். லாஸ் ஏஞ்சலஸில் இருட்டடிப்பு. ஹபிள் பயன்படுத்திய பெரிய டெலஸ்கோப் சும்மா கிடந்தது. அந்த இருட்டில் பார்த்ததை வைத்து, செஃபீடில் இரண்டு ஜாதி உண்டு என்று 1952இல் அறிவித்தார். கேலக்ஸிகள் ஒரே நாளில் இரண்டு மடங்கு தள்ளிப் போயின, பிரபஞ்சத்தின் வயசும் இரண்டு மடங்கானது. ரியல் எஸ்டேட்காரர்கூட இப்படி ஏற்றியதில்லை!

அப்புறம் ஹபிளின் அந்த 500ஐ வானியலாளர் சாண்டேஜ் 50 என்றார், டி வோகுலர் 100 என்றார். பல வருஷம் மல்லுக்கட்டு. இன்றைக்கு 67ஆ 73ஆ என்று சண்டை. பேரம் படிந்துகொண்டே வருகிறது.

பீற்றிக்கொள்ளாத ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. பெல்ஜியத்துப் பாதிரியார் லெமைத்ர், 1927லேயே பிரபஞ்சம் விரிவதைக் கணக்குப் போட்டு, அதிகம் பேர் படிக்காத பத்திரிகையில் பிரெஞ்சில் எழுதிவிட்டார். 1931இல் இங்கிலீஷில் பெயர்த்தபோது, முக்கியமான அந்தப் பகுதியை அவரே வெட்டிவிட்டார்! 2018இல் வானியலாளர்கள் ஓட்டுப் போட்டு 'ஹபிள்-லெமைத்ர் விதி' என்று சொல்லச் சொன்னார்கள். பீற்றிக்கொண்டவர் பெயரில் ஒரு டெலஸ்கோப்பே வானத்தில் சுற்றுகிறது. அடக்கமாக இருந்தவருக்குக் கிடைத்தது, ஒரு ஹைஃபனுக்குப் பின்னால் இடம்.