வறுத்த பயறும் ஷோரூம் மேனேஜரும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. அங்கே விஜயராகவப் பெருமாள் கோயிலில் இருக்கும் மரகதவல்லித் தாயாருக்கு இன்னொரு பெயர் உண்டு: வறுத்த பயறு முளைக்க வைக்கும் தாயார். பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. அது தாயாருக்கும் பக்தருக்கும் இடையில் உள்ள சமாச்சாரம், அதில் நான் தலையிடுவதாக இல்லை. என் கவலை வேறு. கார் ஷோரூமுக்கு சீட் கவர் தைத்துத் தருபவரிலிருந்து, டெலிவரி நாளன்று வண்டிக்கு மாலையும் டயருக்கு எலுமிச்சம்பழமும் கொண்டுவருபவர் வரை, நம் வெண்டர்கள் அத்தனை பேரும் ஷோரூம் மேனேஜரின் மனசு என்கிற வறுத்த பயறை முளைக்க வைக்கப் பார்க்கிறார்கள். தாயாரால் ஆகிற காரியத்தை ஒரு கிலோ மைசூர்பாகு செய்துவிடும் என்று நினைக்கிறார்கள். தினமும் காலை ஆறரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பினால் பில் பாஸாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. முரட்டு மேனேஜருக்கு நட்பு தேவையில்லை. அவருக்கு இருக்கிற தலைவலிகளில் ஒன்று குறைந்தால் போதும். அதைக் குறைப்பவர்தான் அங்கே வேண்டியவர்.

அந்தத் தலைவலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மேனேஜர்மேல் பாதிக் கோபம் போய்விடும். (மீதிப் பாதியை வைத்துக்கொள்ளலாம், தேவைப்படும்.) ஷோரூமில் பளபளவென்று நிற்கிற வண்டிகளைக் கம்பெனியிடம் முழுப் பணம் கட்டித்தான் டீலர் எடுக்கிறார், அந்தப் பணமோ பெரும்பாலும் வங்கிக் கடன். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். விற்காமல் நிற்கிற ஒவ்வொரு நாளும் அது 274 ரூபாய் தின்கிறது. அந்தக் காசுக்கு ஒரு கறவை மாட்டுக்குத் தீவனம் வைத்தால் பாலாவது கிடைக்கும். 2024 செப்டம்பரில் நாடு முழுக்க டீலர்களிடம் 7.9 லட்சம் கார்கள் தேங்கி நின்றன, மதிப்பு 79,000 கோடி ரூபாய், 80 முதல் 85 நாள் சரக்கு என்று டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடாவே சொன்னது. 21 நாள் சரக்கு போதும் என்பது அவர்களுடைய நீண்ட நாள் கோரிக்கை. அதாவது நம் கணக்கின்படி ஒரு வண்டி எண்பது நாளில் கிட்டத்தட்ட 22,000 ரூபாயை அசையாமல் நின்றே தின்று தீர்த்திருக்கும். இப்படி ஸ்டாக்யார்டு நிறைய வண்டிகளை வைத்துக்கொண்டு, ‘இந்த மாச டார்கெட் என்னாச்சு?’ என்று கேட்கிற ஏரியா மேனேஜரின் போனையும் காதில் வைத்துக்கொண்டிருப்பவரிடம் போய், ‘சார், போன மாச ஃப்ளோர் மேட் பில்லு...’ என்று இழுத்தால் அவர் எப்படிப் புன்னகைப்பார்?

நம்மவர்கள் கவனிக்காத சங்கதி ஒன்று இதில் உண்டு. வெண்டர் ஷோரூமிடம் கைகட்டி நிற்கிறார் என்றால், ஷோரூமும் கம்பெனியிடம் கைகட்டித்தான் நிற்கிறது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன் மறைமலைநகர்த் தொழிற்சாலை மறு ஆண்டு வண்டி தயாரிப்பதை நிறுத்தியது. கோடிகளைக் கொட்டிக் கண்ணாடி மாளிகை கட்டியிருந்த டீலர்கள் ஒரே அறிவிப்பில் விற்க வண்டியில்லாத வியாபாரிகள் ஆனார்கள். அவர்கள் எத்தனை காலம் எத்தனை கம்பெனி அதிகாரிகளுக்கு வணக்கம் வைத்திருப்பார்கள்! ஒரு வணக்கமும் கணக்கில் வரவில்லை. மேனேஜர் நம்மிடம் காட்டுகிற முகம், மேலிடம் அவரிடம் காட்டுகிற முகத்தின் ஜெராக்ஸ் பிரதிதான். பிரதி எப்போதும் மூலத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாகத்தான் விழும்.

சரி, வெண்டர் என்னதான் செய்வது? ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பி.ஓ. நம்பர் இல்லை. ஷோரூமின் ஜி.எஸ்.டி. எண்ணில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓ’ என்ற எழுத்து. சரக்கு வாங்கியதற்கு ஸ்டோர்ஸ் சீல் இல்லை. சீல் இருந்தால் கையெழுத்து இல்லை. இந்தத் தாள் அக்கவுண்ட்ஸுக்குப் போய், அங்கிருந்து மேனேஜர் மேஜைக்குத் திரும்பி வந்து, அவர் ஸ்டோர்ஸ்காரரைக் கூப்பிட்டுக் கத்தி, அந்தக் கத்தலின் மிச்சம்தான் நமக்கு வந்து சேருகிறது. இதோடு முடிவதில்லை. மாதக் கணக்குக் காட்டுகிற வெண்டர் ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்கிற விற்பனைக் கணக்கைப் போட வேண்டும். போட்டால்தான் 14ஆம் தேதி ஷோரூமின் 2பி பட்டியலில் அந்த பில் தெரியும், அவர்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். நாம் சோம்பேறித்தனமாக விட்டால் நம் வரிப் பங்கை ஷோரூம் கைக்காசிலிருந்து கட்டுகிறது. பதினெட்டு சதவீத எரிச்சலை மைசூர்பாகால் ஈடுகட்ட முடியுமா? மேனேஜரோடு உறவும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை மாதிரிதான்: கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வீசித் தர இன்னோர் ஆள் வேண்டும், ஒவ்வோர் ஊடையிலும் இரண்டையும் கோத்துக் கோத்துத்தான் சேர்க்க வேண்டும். அட்வான்ஸ் தீபாவளி வாழ்த்தால் கரை ஒட்டாது. ஒவ்வொரு பில்லும் ஓர் ஊடை, அவ்வளவுதான்.

வாழ்த்தால் வேலை நடக்காது என்பதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு மறுப்பு உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் ஜோ ஜிரார்ட் என்றொரு செவர்லே விற்பனையாளர் இருந்தார். 1973இல் ஒரே ஆண்டில் 1,425 வண்டிகளும், பதினைந்து ஆண்டுகளில் மொத்தம் 13,001 வண்டிகளும் விற்று கின்னஸில் ஏறியவர். அவருடைய ரகசியங்களில் ஒன்று, வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் வாழ்த்து அட்டை அனுப்பியது. அப்படியானால் நம் ரோஜாப்பூ மட்டும் என்ன பாவம் செய்தது? நியாயமான கேள்வி. ஆனால் ஜிரார்ட் எழுதியது தன் பணத்தைத் தானே செலவழிக்கிற ஆளுக்கு. அவன் மனசு இளகினால் அவனே பர்ஸைத் திறப்பான். மேனேஜர் திறப்பது முதலாளியின் பர்ஸை. மனசு இளகி ஒரு பில்லில் கையெழுத்துப் போட்டால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே நம்மிடம் இளகாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. தன்னுடைய இளகிய மனசுக்கு அவரே பயப்படுகிறார்.

இன்னொரு தரப்பு, ‘இவ்வளவு பணிவு எதற்கு? சட்டம் இருக்கிறதே’ என்கிறது. இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. 2006இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் வந்தது: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் காட்ட முடியும். ஆனால் உத்யம் என்கிற அரசுத் தொழில் பதிவு வேண்டும், வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தக் குடையில் இடமில்லை. சீட் கவர் தைப்பவர் நனையாமல் நிற்பார், அதையே வாங்கி வந்து கொடுப்பவர் நனைவார். சரி, குடை இருப்பவர் அதை விரிக்கலாமா? இதற்கென்று அரசு வைத்திருக்கிற தளத்தில் புகார் கொடுத்தால் பணம் வரும், அடுத்த ஆர்டர் வராது. என் யோசனை, பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. மேனேஜர் படிக்கமாட்டார், அவருடைய ஆடிட்டர் படிப்பார். மார்ச் மாதம் ஆடிட்டர் போடுகிற ஒரு போன், நாம் வருஷம் முழுக்க வைத்த வணக்கங்களைவிட வேகமாகக் காசைக் கொண்டுவரும்.

எந்த வைத்தியத்துக்கும் மசியாத மேனேஜரும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சுத்தமான பில்லையும் நிறுத்திவைத்துவிட்டு, ‘நமக்கு என்ன?’ என்று கண்ணால் கேட்பவர். அவருக்குக் கொடுப்பது உறவுக்கான செலவு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அது உறவல்ல, நாற்காலிக்குக் கட்டுகிற வாடகை. நாற்காலியில் ஆள் மாறினால் புது அட்வான்ஸ். இந்த இடத்தில் திருப்புட்குழியே ஒரு வழி வைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர் இந்த ஊரில்தான் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார் என்கிறது குருபரம்பரை. உபநிடதத்தில் ஒரு சொல்லுக்குக் குரு சொன்ன கொச்சையான பொருளைக் கேட்டு, அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சீடன் கண்ணீர் விட, அது குருவின் தொடையில் சுட்டதாம். பிறகு காசி யாத்திரையில் சீடனைத் தீர்த்துக்கட்டத் திட்டமே போட்டாராம் குரு. இதைவிட முரட்டு மேனேஜர் கிடைப்பது கஷ்டம். ராமாநுஜர் அவரை ஐஸ் வைத்துச் சரிக்கட்டவில்லை. தப்பி வந்தார், மறுபடியும் பாடத்துக்குப் போய்ப் பார்த்தார், ஒத்துவராதபோது விலகித் தன் வேலையைப் பார்த்தார். கடைசியில் யாதவப்பிரகாசரே தேடி வந்து சீடராகி, கோவிந்த ஜீயர் என்ற பெயரும் பெற்றார் என்று முடிகிறது கதை. உங்கள் மேனேஜர் உங்களிடம் துறவறம் வாங்க வருவார் என்று நான் சொல்லவில்லை. வேலை மாறி எதிர் ஷோரூமுக்குப் போனதும், ‘பில்லுல தப்பே வராதே, அந்தாளு நம்பர் இருக்கா?’ என்று கேட்கலாம்.

இன்று தேதி என்ன? பதினொன்று தாண்டவில்லையென்றால், மைசூர்பாகு வாங்கப் போகிற வழியில் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு நிமிஷம் இறங்கிக்கொள்ளுங்கள்.