வாசிப்புப் பட்டியல்

எண்பதுகளின் நடுவில், கொட்டகலையில் ஆசிரிய பயிலுநர்களுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுக்கப் போன புதிதில், நான் முதல் வேலையாக ஒரு வாசிப்புப் பட்டியல் எழுதினேன். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்', சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்', இவற்றோடு ஒரு வரிசை ரஷ்ய நாவல்கள், நானே பாதியில் மூடிவைத்த சில திறனாய்வு நூல்கள் என்று அது ஃபுல்ஸ்கேப் தாளின் இரண்டு பக்கத்திலும் ஓடியது. பட்டியலின் நீளந்தான் விரிவுரையாளரின் உயரம் என்று நம்பிய வயது அது. தோட்டத்தைப் பற்றியும் ஒன்று இருக்கட்டுமென்று, லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, இந்த மலையைக் கண்ணால் பாராத புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி'யைப் போட்டிருந்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள்.

பட்டியல் போட்டாயிற்று, புத்தகத்துக்கு எங்கே போவது? கொழும்பு செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலையில் பொறுக்கி, உடரட்ட மெனிக்கே ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து ஹட்டனில் இறங்கினால், பையில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்தத் தவணைக்குப் பாடம். அப்படியிருக்க, ஒரு பயிலுநர் வீட்டிலிருந்து அட்டை போன பிரதியொன்றைக் கொண்டுவந்தார். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை', 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. அது வந்த வழியே 1980இல் தொகுப்பாக வந்த என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'ம் வந்து சேர, ரஷ்ய நாவல்கள் தாமாகவே ஒதுங்கி இடம்விட்டன.

ஒரே பிரதி, வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஆகவே ரோனியோ. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, பிழை வந்த இடத்தில் சிவப்புத் திரவம் பூசி, அது காயும்வரை ஊதிக்கொண்டு நின்று, பிறகு கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தாள்கள் விழும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்ட நாளில் தாள் நமுத்து, மை ஊறி, கொழுந்தெடுக்கும் பெண்ணின் வசனம் அடுத்த பக்கத்துக் கங்காணியின் மேல் போய் விழுந்திருக்கும். மங்கிப்போன வரிகளை எல்லாரும் கூடி ஊகித்து, பென்சிலால் நிரப்பி, அந்தச் சண்டையிலேயே கதை மனப்பாடமாகிவிடும். அந்த மை வாசனை இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் யாருக்கு வேண்டும்?

இப்போது பட்டியலுக்குப் பெயர் 'கற்றல் வளங்கள்'. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நான் ரயிலேறித் தேடிய புத்தகங்களில் எத்தனையோ சும்மா கிடைக்கின்றன. மலையக இலக்கியத்தைப் பாடமாக வைப்பதா என்று அன்றைக்கு ஓய்வறையில் விவாதித்தவர்களே இன்றைக்கு அதைப் பற்றிக் கருத்தரங்கில் தலைமையுரை ஆற்றுகிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பீடிஎஃப் போட்டால், பத்து மணி ஒரு நிமிடத்துக்குள் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திவிடுகிறார்கள். அதைத் திறந்தார்களா என்பது அவர்களுக்கும் அவர்களுடைய டேட்டாவுக்கும் இடையிலுள்ள விஷயம்.

எல்லாரையும் அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. ஓய்வுபெற்ற பிறகும் வருகை விரிவுரைக்குக் கூப்பிடுகிறார்களே என்று போன இடத்தில், ஒரு பிள்ளை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளைப் போனில் திறந்து, தோட்டத்திலிருக்கும் தன் அம்மாயிக்கு வீடியோவில் வாசித்துக் காட்டியிருக்கிறது. பாதியிலேயே கிழவி மறித்து, "அது அப்பிடியில்ல புள்ள, அந்தப் புத்தகத்துல தப்பாப் போட்டிருக்கான்" என்று சரியான பாடத்தைப் பாடியே காட்டிவிட்டாள். பிள்ளை அதை அப்படியே ஒப்படையில் எழுதி, உசாத்துணைப் பட்டியலில் அம்மாயியின் பெயரையும் சேர்த்துவிட்டு, படிவத்தை என்னிடம் நீட்டியது.

"பதிப்பகம்னு கேட்டிருக்கு, என்னா போடுறது சேர்?"

"தோட்டத்தின் பெயரைப் போடம்மா. டிவிஷனையும் மறந்துவிடாதே."